முதலில் நிலை, பிறகு சுவர்

வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் இருக்கும், பதினைந்து ஆண்டுப் பழைய அடுக்கக வீட்டுக்கு உள்பூச்சு அடிக்கப் போகிறீர்கள். கூடம் மேற்குப் பார்த்தது. தலைவாசல் நிலையும் பூஜையறைக் கதவும் பாலிஷ் போட்ட தேக்கு. படுக்கையறை நிலைகளும் கதவுகளும் பழுப்பு எனாமல். தரை முழுவதும் ஐவரி நிற விட்ரிஃபைட் டைல். இணையத்தில் பார்த்த படங்களைப் போல எல்லா நிலைகளையும் தூய வெள்ளையாக்கி, சுவர்களுக்கு வெளிர் சாம்பல் அடிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. தலைவாசல் தேக்கைத் தொடாதீர்கள். படுக்கையறை நிலைகளை வெளுக்கலாம், ஆனால் தூய வெள்ளை வேண்டாம். சாம்பல் அடிக்கலாம், ஆனால் படத்தில் பார்த்த அந்தச் சாம்பல் வேண்டாம் என்பது என் பதில். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இருபது ஆண்டுகளாகச் சென்னையில் வீட்டு உள்பூச்சு வேலைகளை மேற்பார்வை பார்த்து வருகிறேன். நிறம் பிடிக்கவில்லை என்று மறுபடி அடிக்க நேர்ந்த வீடுகளை நினைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் பிழை சுவரின் நிறத்தில் இல்லை. சுவரும் மரமும் தரையும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் இருந்தது.

நீங்கள் பார்த்த படங்கள் மேலை நாட்டு வீடுகளுடையவை. அங்கே சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு மரப்பலகை ஓடுகிறது. அது கதவை அடைந்ததும் மேலேறி, கதவைச் சுற்றி வந்து, மறுபக்கம் இறங்கி, அடுத்த சுவரோடு தொடர்கிறது. அந்த முழு மரவேலைக்கும் ஒரே வெள்ளையைப் பூசும்போது, சுவரின் நிறத்துக்கு ஒரு கரை கட்டியது போல் ஆகிறது. வேட்டிக்குக் கரை எப்படியோ அப்படி. நம் வீடுகளில் அந்தக் கரை இல்லை. இங்கே ஸ்கர்ட்டிங் என்பது தரை டைலிலேயே நான்கு அங்குலம் அறுத்து ஒட்டியது; நிலை என்பது சுவரில் பதித்த கட்டை, பல வீடுகளில் அதன் ஓரத்தில் பீடிங் எனும் மெல்லிய மரப்பட்டிகூடக் கிடையாது; ஜன்னலில் கிரில் இருக்கிறது; தலைக்கு மேல் பரண் இருக்கிறது. இந்த வீட்டில் நிலைகளை மட்டும் பளிச்சென்று வெள்ளையாக்கினால், தொடர்ச்சியான கரை கிடைக்காது. ஒவ்வொரு வாசலும் தனித்தனிச் சட்டம் போட்டு மாட்டியது போல நிற்கும்.

ஆகவே தேர்வைச் சுவரிலிருந்து தொடங்காதீர்கள். எதை மாற்றப் போவதில்லையோ, அதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டில் அவை இரண்டு: தரை, தேக்கு. ஐவரி டைல் வெள்ளையென்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தரையில் வைத்துப் பாருங்கள். டைல் மஞ்சளாகவும் சில வகைகளில் இளஞ்சிவப்புக் கலந்ததாகவும் தெரியும். அந்தத் தாளின் வேலையைத்தான் நாளை தூய வெள்ளைச் சுவரோ நிலையோ செய்யப் போகிறது. டைல் துடைக்காத தரைபோல் தோன்றத் தொடங்கும். வீட்டுவேலை செய்ய வருபவர் மேல் பழி விழும். நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரிவதை 19ஆம் நூற்றாண்டிலேயே முறையாக ஆராய்ந்தவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஷெவ்ரல். பாரிஸில் கோபலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்கு அவர் பொறுப்பாக இருந்தபோது, கறுப்பு நூல் நன்றாகக் கறுக்கவில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுக்கின்றன என்று கண்டுபிடித்து, 1839இல் அந்த விதிகளை வெளியிட்டார். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை; சேலை உடலின் நிறத்துக்கு ஏற்ற கரையைத் தேர்ந்தெடுப்பதே அவர் தொழில்.

தேக்கைப் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மந்தைவெளியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், வீட்டுக்காரர் அனுமதியோடு, நானே ஆசைப்பட்டுக் கூடத்துக்கு நீலம் கலந்த வெளிர் சாம்பல் அடித்தேன். நிறப்பட்டியலில் அது மழைமேகம் போல் அமைதியாக இருந்தது. இரண்டாவது பூச்சு காய்ந்த மறுநாள் காலையில் பார்த்தால், நாற்பது ஆண்டுப் பழைய தேக்கு நிலை ஆரஞ்சுப் பழத்தோல் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. வார்னிஷ் ஏறிய தேக்கில் செம்மஞ்சள் இருக்கிறது. செம்மஞ்சளுக்கு நேர் எதிர் நிறம் நீலம். எதிர் நிறத்தைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும். "பாலிஷ் மாத்திட்டீங்களா?" என்று என் மாமியார் கேட்டார். நிலையை யாரும் தொடவே இல்லை. அதே சாம்பலில் நீலத்தைக் குறைத்து, மண் சாயலைச் சற்றே ஏற்றிக் கலந்திருந்தால் தேக்கு தேக்காகவே இருந்திருக்கும். பசுமை கலந்த சாம்பலும் தேக்குக்கு நன்றாகப் பொருந்தும். மரத்துக்கு இலை பொருந்துவது போலத்தான். தேக்கோடு சேரவே சேராத இன்னொன்று, அதற்கு நெருக்கமான மஞ்சள் கிரீம். அதில் மோதல் இருக்காது, ஆனால் மரம் சுவருக்குள் கரைந்து, இத்தனை விலையுள்ள மரம் இருப்பதே தெரியாமல் போகும்.

அடுத்தது வெளிச்சம். சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடுகிறது. அதனால் தெற்கு அறைக்குக் கோடையில் நேர்வெயில் ஏறக்குறைய இல்லை, பனிக்காலத்தில் உண்டு. கிழக்கும் மேற்கும் அப்படியல்ல, ஆண்டு முழுவதும் அடி வாங்கும். உங்கள் கூடத்தில் மாலை மூன்று மணிக்கு மேல் தாழ்வாக நுழையும் வெயில் மஞ்சளை மேலும் மஞ்சளாக்கும். சந்தன நிறமோ பீச் நிறமோ அடித்தால் அந்த நேரத்தில் கூடம் தகதகவென்று கொதிப்பது போல் தோன்றும். மேற்கு அறைக்குச் சற்று அடங்கிய நிறம் வேண்டும் என்ற உங்கள் உள்ளுணர்வு சரியானதே. சாம்பலை முற்றிலும் மறுக்காததற்கு அதுதான் காரணம்.

ஆனால் சென்னை அடுக்ககங்களில் திசையைவிட முக்கியமானது ஒன்று உண்டு; அது பக்கத்து வீட்டுச் சுவர். ஐந்தடி சந்துக்கு அப்பால் நிற்கும் சுவர் கிளிப்பச்சையாக இருந்தால், உங்கள் படுக்கையறைக்குள் வரும் வெளிச்சமே பச்சையாகத்தான் வரும். வெள்ளை அடித்த அறை ஏன் நோய்ப்பட்டது போல் இருக்கிறது என்று குழம்பிய ஒரு வீட்டில், ஜன்னல் திரையை விலக்கியதும் விடை கிடைத்தது. கொசுவலை, திரை, ஜன்னலோர மரம் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வெளிச்சத்தைக் குறைத்தும் நிறம் மாற்றியும்தான் உள்ளே விடுகிறது. அப்படிப்பட்ட அறைகளில் எல்.ஆர்.வி. என்ற எண்ணைப் பாருங்கள். நிறம் எத்தனை விழுக்காடு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. பல நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் இதைத் தருகின்றன. சந்துப் பக்கம் பார்த்த அறைக்கு 65க்குக் கீழே நான் போவதில்லை.

நீங்கள் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், வீட்டை அதிகம் பார்ப்பது விளக்கு வெளிச்சத்தில்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டியிருப்பது 6500 கெல்வின் (விளக்கின் நிறச்சாயலைச் சொல்லும் அளவு) எல்.இ.டி. குழல்விளக்கு, அதன் வெள்ளையில் நீலம் தூக்கல். அந்த வெளிச்சத்தில் நீலச் சாம்பல் மருத்துவமனை நடைபாதையாகிவிடும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கிலோ கிரீம் நிறங்கள் நெய் தடவியதுபோல் ஆகும். 4000 கெல்வின் இடைப்பட்டது. விளக்கை மாற்றுவது சுவரை மாற்றுவதைவிட மிகவும் மலிவு என்பதால், முதலில் விளக்கைத் தீர்மானித்துவிட்டு, அந்த விளக்கின் கீழ் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது வெள்ளைக்கு வருகிறேன். வெள்ளை என்று ஒரே நிறம் கிடையாது. சுண்ணாம்பு அடித்த காலத்தில், கரைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலக்கினார்கள். சுண்ணாம்பின் இயல்பான மஞ்சளை நீலம் அடித்துப்போட்டு, கண்ணுக்கு அதிக வெள்ளையாகத் தோன்றச் செய்தது. இன்றைய பளீர் வெள்ளைகளில் பலவும் அந்த நீலச் சாயலின் தொடர்ச்சியே. ஐவரி டைலும் தேக்கும் இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. துளி மஞ்சளும் துளி சாம்பலும் விழுந்த, உடைந்த வெள்ளையைக் கேளுங்கள். கடைக்காரர் ஆஃப்-ஒயிட் பட்டியலை எடுத்து நீட்டுவார்.

படுக்கையறை நிலைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெய் சார்ந்த எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். அதிலுள்ள ஆல்கிட் பிசினின் இயல்பு அது. கதவின் பின்பக்கம் மாட்டிய நாட்காட்டியை ஓராண்டு கழித்து எடுத்துப் பாருங்கள், அதன் அளவுக்கு ஒரு மஞ்சள் செவ்வகம் இருக்கும். நீர் சார்ந்த எனாமல் இப்போது கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் மஞ்சளாவது மிகக் குறைவு, வாடையும் குறைவு. பழைய எண்ணெய் எனாமல் மேல் நேரடியாக அதை அடித்தால் நகத்தால் சுரண்டினாலே பெயர்ந்து வரும் என்பதால், உப்புத்தாள் போட்டுப் பளபளப்பைப் போக்கி, பிடிமானம் தரும் பிரைமர் ஒன்றை அடித்த பிறகே அடிக்க வேண்டும். சுவருக்கும் நிலைக்கும் ஒரே நிற எண்ணைக் கொடுத்தாலும் இரண்டும் ஒன்றுபோல் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நிலையின் மெருகு வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பும், மெருகு குறைந்த சுவர் அதை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும்.

மெருகைப் பற்றி ஒரு வார்த்தை. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துப் பூசித் தேய்த்து எடுத்த பழைய மெட்ராஸ் சுண்ணப்பூச்சு பளிங்குபோல் மின்னியது என்றால், அதற்கு அடியில் இருந்த பரப்பு அவ்வளவு சமமாக இருந்தது. உங்கள் வீட்டுச் சுவரில் பட்டி பார்த்த அலைகள் இருக்கும். மேற்கு வெயில் பக்கவாட்டில் விழும்போது பளபளப்பான பெயின்ட் ஒவ்வொரு அலையையும் எண்ணிக் காட்டிவிடும். ஆகவே கூடத்துக்கு மேட் அல்லது மெல்லிய மெருகு போதும். நிலைக்கும் கதவுக்கும் சாட்டின் எனும் நடுத்தர மெருகு. கைபடும் இடம் என்பதால் துடைக்க வசதி வேண்டும்.

தலைவாசல் நிலையை வெள்ளையாக்க வேண்டாம் என்றதற்கு அழகு மட்டும் காரணமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் நிலை அது. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். குங்குமத்தின் சிவப்போ வெள்ளை எனாமலில் இறங்கிவிட்டால் போகாது. தேக்கின் மேல் இரண்டுமே அழகாக உட்காரும். மேலும், ஒருமுறை எனாமல் ஏறிய தேக்கின் இழைகளுக்குள்ளிருந்து அதை முழுவதும் எடுத்துப் பழையபடி பாலிஷ் போடுவதற்கு ஆகும் கூலியைக் கேட்டால் மனம் மாறிவிடுவீர்கள்.

ஜன்னலில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். சட்டத்தைக் கரும்பழுப்பாகவும் கிரில்லை வெள்ளையாகவும் அடிக்கிறார்கள். வெளியே பார்க்கும்போது வெள்ளைக் கம்பி வெளிச்சத்தை வாங்கி மின்னி, பார்வையைத் தன்மீதே நிறுத்திக்கொள்கிறது. கரிய கம்பி அவ்வளவாகக் கண்ணில் படாமல் பின்வாங்கி, மரமும் வானமும் தெரிய வழிவிடுகிறது. சட்டத்தின் நிலைமை இதற்கு எதிர். பிரகாசமான திறப்பை ஒட்டி இருண்ட சட்டமும் இருண்ட சுவர்த் தடிமனும் இருந்தால் கண் கூசும். அவை வெளிறியிருந்தால் வெளிச்சம் படிப்படியாக அறைக்குள் இறங்கும். எனவே கிரில்லுக்குக் கறுப்பு அல்லது கரும்பழுப்பு, சட்டத்துக்கும் ஜன்னலைச் சுற்றிய சுவர்த் தடிமனுக்கும் வெள்ளை. பரண் கதவுகள், சுவரின் மேல் ஓடும் மின்கம்பிப் பட்டைகள், ஏ.சி. குழாயை மூடிய பெட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் சுவரின் நிறத்தையே அடித்து மறைத்துவிடுங்கள். அவற்றுக்குத் தனி நிறம் கொடுப்பது, மறக்க வேண்டியதைக் கோடிட்டுக் காட்டுவதாகும்.

வீடு வாழும் இடம் என்பதால் கறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். திவானுக்குப் பின்னால் உட்கார்ந்து சாயும் உயரத்தில் சுவரில் தேங்காய் எண்ணெய் வட்டம் விழாத வீட்டை நான் பார்த்ததில்லை. பழைய பள்ளிகளிலும் ஓட்டுவீடுகளிலும் இடுப்பளவு உயரத்துக்கு ஆயில் பெயின்ட் அடித்து, மேலே வெளிர் நிறம் விட்டது இதற்காகத்தான். இப்போது அது மட்டமாகப் பார்க்கப்படுகிறது, எனக்கு அது பிடிக்கும். அதை விரும்பாவிட்டால், திவான் போடும் அந்த ஒரு சுவருக்காவது கழுவக்கூடிய எமல்ஷனும், எண்ணெய் பட்டால் தெரியாத நடுத்தர நிறமும் கொடுங்கள். தரைத்தள வீடாக இருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்பேன்: உப்புப் பூக்கும் சுவருக்குக் கரிய நிறம் கூடாது, ஏனென்றால் பூக்கும் உப்பு வெள்ளை. உங்கள் வீட்டில் குளியலறையை ஒட்டிய சுவரை மட்டும் தட்டிப் பார்த்துவிடுங்கள். ஈரக் கசிவின் பழுப்பு வளையம் வெளிர் நிறத்தில்தான் பளிச்சென்று தெரியும், அதை நிறத்தால் மறைக்கவும் முடியாது.

எல்லாம் சேர்த்து, உங்கள் வீட்டுக்கு நான் அடிக்கச் சொல்வது இது. கூடத்துக்குப் பசுமையோ மண்ணோ கலந்த வெளிர் சாம்பல். தலைவாசலும் பூஜையறையும் தேக்காகவே, மேல் ஒரு புதிய பாலிஷோடு. படுக்கையறை நிலைகளுக்கும் கதவுகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் ஒரே உடைந்த வெள்ளை. படுக்கையறைச் சுவர்களுக்கு, அதே குடும்பத்தில் அந்த வெள்ளையைவிட ஒரு படி மட்டும் அழுத்தமான நிறம். கூரைக்கு நிலையின் வெள்ளை. மூன்றாவது வெள்ளை ஒன்று வீட்டுக்குள் நுழையவே கூடாது.

இதையும் அப்படியே நம்பிவிடாமல் சோதித்துப் பாருங்கள். நிறப்பட்டியலின் தபால்தலை அளவுத் துண்டில் பார்ப்பதைவிட, நாலு சுவரும் சூழ்ந்து நிற்கும்போது நிறம் அழுத்தமாகத் தெரியும். சிறு டப்பா ஒன்று வாங்கி, கனமான வெள்ளை அட்டையில் இரண்டடிக்கு இரண்டடி, சுற்றிலும் இரண்டங்குல வெள்ளை விட்டு, இரண்டு பூச்சு அடியுங்கள். பழைய சுவரிலேயே அடித்துப் பார்ப்பது வேண்டாம்; சுற்றியிருக்கும் பழைய நிறம் ஏமாற்றும். அட்டையை நிலையை ஒட்டியும், பிறகு ஸ்கர்ட்டிங்கின் மேலும் நிறுத்தி, காலை எட்டு, மாலை நான்கு, இரவு எட்டு என்று மூன்று வேளையும் பாருங்கள். இரண்டு நாள் போதும். வாங்கும்போது ஒரே நிறத்துக்கான எல்லா டப்பாக்களையும் ஒரே நேரத்தில் கலக்கச் சொல்லுங்கள்; ஒரு நிறுவனத்தின் நிறத்தை இன்னொரு நிறுவனத்தின் பெயின்டில் கலந்து வாங்கினால், கடை விளக்கில் ஒன்றாகத் தெரிவது வீட்டு வெளிச்சத்தில் வேறாகத் தெரிவதுண்டு.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. எனாமல் ஏறிய பழைய நிலைகளைச் சுரண்டும்போது உலர்ந்த தாளால் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்குக்குக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவுகள் அதற்கு முந்தியவை என்பதால், தேய்க்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பெரும்பாலான பெயின்டர்கள் விட்டுவிடுவார்கள்; ஐப்பசியில் கதவு உப்பி இறுக்கிக்கொள்வது அந்த வழியாக ஏறும் ஈரத்தால்தான். கதவைக் கழற்றி, உரசும் விளிம்பை இழைத்துவிட்டு, ஆறு பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள். வரிசை: முதலில் கூரை, அடுத்து சுவருக்கு ஒரு பூச்சு, பிறகு நிலைகளும் கதவுகளும் முழுமையாக, கடைசியாகச் சுவருக்கு இரண்டாம் பூச்சு. நிலையின் ஓரக்கோடு நேராக விழுவதும் விழாததும் அந்தக் கடைசிப் பூச்சில்தான் இருக்கிறது. அதற்கு இருக்கிறவர்களில் கை நடுங்காத ஒருவரை விடச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. போகிக்கு முந்தைய வாரங்களில் ஆள் கிடைப்பது கடினம் என்பதைவிட, வடகிழக்குப் பருவமழை குடித்த சுவர் அப்போது இன்னும் காய்ந்திருக்காது என்பதே என் கவலை. தை கடைசியிலிருந்து பங்குனி வரை அடியுங்கள். அக்னி நட்சத்திரத்தில் ரோலர் அடுத்த வரிசைக்கு வருவதற்குள் முந்தைய வரிசை காய்ந்து பட்டை பட்டையாகத் தெரியும். கூடத்தின் மேற்குச் சுவரில் அது நிச்சயம் நடக்கும்.